நாற்பத்தைந்து நாள் மனிதர்

பாம்புக்குப் பயப்படுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பல்லிக்குப் பயப்படுகிறவர்களோடு நீங்கள் குடும்பமே நடத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அரிசியில் பாதிகூட இல்லாத ஒரு புழுவுக்கு, அதுவும் இன்னும் வந்தே சேராத புழுவுக்குப் பயந்து, பாத்ரூமில் சிறைச்சாலை கட்டி, காலண்டரில் கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஓர் இனம் உண்டு. அதுதான் தனித்தொட்டிக்காரர் இனம். பார்த்தால் நம்மைப் போலவேதான் இருப்பார். கை மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும்.

இப்போது நாம் பார்க்கப்போகிற தனித்தொட்டிக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் உயிருள்ள பவளங்கள். ஒன்று விசிறி மாதிரி, ஒன்று மூளை மாதிரி, ஒன்று யாரோ கழற்றிப் போட்ட கையுறை மாதிரி. "கல்லு அழகா இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அது கல் இல்லை, உயிர், அதற்கு வாய் உண்டு, அது சாப்பிடும், கோபித்துக்கொள்ளும் என்று ஆரம்பித்தால், நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்பது உங்களுக்கே மறந்துபோகும்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவர் 'நாற்பத்தைந்து'தான். எதைக் கேட்டாலும் "நாப்பத்தஞ்சு நாள் போகட்டும்" என்பார்.

புதுப் பவளம் ஒன்று அவர் வீட்டுக்கு வருகிற அழகைப் பார்க்கவேண்டும். கடைப் பையோடு பின்பக்கமாக நுழைந்து, கூடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் அதைப் பாத்ரூமுக்குக் கடத்திக்கொண்டு போய், சிவப்பு வாளியில் மருந்துத் தண்ணீர் கலந்து, அதில் முக்கி, ரப்பர் குமிழ் வைத்த குழாயால் இண்டு இடுக்கெல்லாம் பீய்ச்சி, நீல வாளியில் அலசி, பச்சை வாளியில் மறுபடியும் அலசி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூதக்கண்ணாடி வழியாக முதுகு பார்த்து, அக்குள் பார்த்து, புழு முட்டை ஒட்டியிருக்குமே என்று அது உட்கார்ந்து வந்த அடிக்கல்லை உடைத்து எறிந்து, வேறு கல்லில் பசை போட்டு ஒட்டி, மணல்கூட இல்லாத ஒரு மொட்டைத் தொட்டியில் இறக்குவார். இதற்குப் பெயர் வரவேற்பா? திருடனுக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள்.

அந்த மொட்டைத் தொட்டிதான் தனித்தொட்டி. அதில் நாற்பத்தைந்து நாள். மருந்துக்குப் புழு சாகும், முட்டை சாகாது. முட்டை பொரிந்து புழு வருகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் காவல். வீட்டில் இருப்பது இரண்டு பாத்ரூம். ஒன்று பவளத்துக்கு. இன்னொன்றின் வாசலில் மனிதர்கள் வரிசையில் நிற்பார்கள்.

புழு அகப்படாவிட்டால் அவருக்கு முகமே விழுந்துவிடும். அகப்பட்டால் அன்றைக்கு வீட்டில் விசேஷம். அதை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுவார். மகளின் கல்யாண ஆல்பம் எங்கே என்று கேளுங்கள், தெரியாது. புழு பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வரும். "பாருங்க, இவன் உள்ள வந்திருந்தான்னா என்ன ஆகியிருக்கும்!" என்று விருந்தாளியின் மூக்குக்கு நேராக நீட்டுவார். விருந்தாளி டீயைக் கீழே வைத்துவிடுவார்.

பழக்கம் தொட்டியோடு நின்றதா? நிற்குமா? செய்தித்தாள் பால்கனியில் ஒரு மணி நேரம் காய்ந்த பிறகுதான் செய்தியாகும். புதுச் செருப்பு ஒரு வாரம் வெளியே கிடக்கும். மகள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, இவரைத்தான் கட்டிக்கப்போறேன்" என்று நின்றபோது, பையனை மேலும் கீழும் பார்த்தார், பின்னால்கூட ஒரு தடவை எட்டிப் பார்த்தார், "நாப்பத்தஞ்சு நாள் போகட்டும்" என்றார். பையன் கண் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன், பொறுமைசாலி. நாற்பத்தாறாம் நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றான்.

இப்படிப்பட்ட மனுஷர் ஒரே ஒரு தடவை தோற்றார். போன வருஷம் சம்பந்தியம்மா ஒரு வாரம் தங்க வந்தார்.

"அவங்க பல்லு தேய்க்க ஒரு இடம் வேணும்" என்றார் மனைவி. "ஒண்ணு பாத்ரூம்ல இருக்கிற உங்க பவளப் பொண்ணு போகணும், இல்ல நான் போகணும்."

அவர் யோசித்தார். கொஞ்சம் அதிகமாகவே யோசித்துவிட்டார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும், தனித்தொட்டியில் பன்னிரண்டாம் நாள் காவலில் இருந்த ரோஸ் நிறப் பவளத்தை எடுத்துப் பையில் போட்டு, கூட்டாளி வாத்தியாருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். வாத்தியாரும் இதே இனம்தான். அவர் கணக்கு தொண்ணூறு நாள். எப்படியும் அவர் தொண்ணூறு நாள் வைக்கப்போகிறார், பன்னிரண்டு நாள் கதையை எதற்குச் சொல்லிக்கொண்டு என்று இவர் சொல்லவில்லை.

பிறகு இந்த வருஷம் மகள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதத்தில், இன்னொரு கூட்டாளியான பல் டாக்டர், பிறக்கப்போகிற பேரக்குழந்தைக்கு என்று ஒரு ரோஸ் நிறப் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியைப் பவளத்துக்கு அடியிலும் விட்டுப் பார்க்கிற மனிதர். அவர் கணக்கு அறுபது நாள். நம் ஆள் பையைப் பிரித்தார், நேராகக் கூடத்துக்கு வந்தார், பெரிய தொட்டியில் நட்ட நடுவில் இறக்கிவிட்டார்.

மனைவிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. "என்னங்க, இதுக்கு நாப்பத்தஞ்சு கிடையாதா?"

"ஏய், சும்மா இரு. டாக்டர் வீட்டுப் பொருள் அது. அதைப் போய் தனியா வெச்சா அவரு மனசு என்ன பாடுபடும்?"

"மாப்பிள்ளையை நாப்பத்தஞ்சு நாள் நிக்க வெச்சீங்களே, அவரு மனசு பாடுபடலியா?"

அவர் தொட்டி விளக்கைச் சரிசெய்யப் போய்விட்டார். முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போடுகிறவர்கள் எல்லோரும் கொல்லைக் கதவின் சாவியை யாராவது ஒரு கூட்டாளியிடம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் அறைக்குள் போகவில்லை. லிஃப்ட் குழியில் ஏறி இறங்கின உடம்பாம், ஐந்து நாள் தன்னைத்தானே விலக்கி வைத்துக்கொண்டார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிஞ்சு முஷ்டி ஒன்று போர்வைக்கு வெளியே வந்து, விளக்கை அணைத்ததும் சுருங்கிக்கொள்ளும் பவளம் மாதிரி இறுகி, கொஞ்சம் விரிந்து, மறுபடி இறுகியது. அவருக்கு மூக்குக் கண்ணாடியில் பனி படர்ந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வர்றோம்ப்பா" என்றாள் மகள் போனில். "வாசல்ல நீங்கதான் அவளை வாங்கி உள்ள தூக்கிட்டுப் போகணும். முதல் கை உங்க கைதான்."

அவ்வளவுதான். மூன்று நாள் தலையணையை வைத்துத் தூக்கிப் பழகினார். "அதுக்குத் தலை எந்தப் பக்கம்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார் மனைவி. புதுச் சட்டை ஒன்றைத் துவைத்து, மறுபடி துவைத்து மாட்டி வைத்தார். கதவில் சட்டம் எழுதி ஒட்டினார்: வருகிறவர்கள் கை கழுவ வேண்டும், இருபது நிமிஷம் உட்கார வேண்டும், மறுபடி கழுவ வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே வந்துவிட்ட சம்பந்தியம்மா அதைப் படித்தார். "சம்பந்தி, நான் முப்பது வருஷம் பிரசவ வார்டுல நர்ஸா இருந்தவ."

"ஐயோ, அப்ப எத்தனை பேரைத் தொட்டிருப்பீங்க! நீங்க நாப்பது நிமிஷம் உக்காருங்க."

சம்பந்தியம்மா நேராகக் குழாயடிக்குப் போனார். கழுவினார், உட்கார்ந்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நர்ஸுகள் மறக்க மாட்டார்கள்.

பேத்தி வந்ததும் முதலில் பார்க்கப்போவது தொட்டியைத்தானே என்று (பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை!) இவர் புதுச் சட்டையோடு கண்ணாடியைத் துடைக்கப் போனார். அங்கேதான் பார்த்தார். ரோஸ் பவளத்தின் மேல் வட்ட வட்டமாக வெள்ளைக் கடி. பக்கத்திலிருந்த விசிறியிலும் கடி. குழாயை எடுத்து ஒரு பீய்ச்சு பீய்ச்சினார். ஈர வெங்காயத் தோல் மாதிரி ஒன்று உரிந்து, மிதந்து, நெளிந்துகொண்டே அவர் முகத்துக்கு நேராகப் போனது. தட்டைப்புழு. பின்னால் அதன் தம்பி. அதன் பின்னால் குடும்பம்.

டாக்டருக்குப் போன் பறந்தது. "டாக்டர், நீங்க குடுத்ததுல புழுங்க! அதை எத்தனை நாள் தனியா வெச்சீங்க?"

"தனியாவா? அது வாத்தியார் குடுத்ததுங்க. அவரு பொருளைப் போய் தனியா வெக்கிறதா? நல்லாவா இருக்கும்?"

வாத்தியாருக்குப் போன். "வாத்தியாரே, அந்த ரோஸை எத்தனை நாள் வெச்சீங்க?"

"எந்த ரோஸ்?" வாத்தியார் சிரித்தார். "ஓ, அதுவா! மறந்துட்டீங்களா? போன வருஷம் நீங்க குடுத்ததுங்க அது! நாப்பத்தஞ்சு வீட்டுப் பொருளுக்குத் தனித்தொட்டியான்னு ஊரே சிரிக்குமே. நேரா பெருசுலதான் போட்டேன். நல்லா வளந்ததும் ஒரு கிளையை டாக்டருக்குக் குடுத்தேன்."

நம் ஆள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் வெளியே அனுப்பிய கைதி, இரண்டு வீட்டில் விருந்து சாப்பிட்டு, பிள்ளை குட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதுவும் பரிசாக.

"யாருங்க போன்ல?" என்றார் மனைவி.

"யாருமில்ல" என்று சொல்லிக்கொண்டே மருந்து பாட்டிலைத் திறந்து, புதுச் சட்டையோடு அக்குள்வரை தொட்டிக்குள் கையை விட்டார். பாதிப் பவளம் வாளியிலும் பாதி தொட்டியிலும் இருக்கும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது. ஓடினார். மகள் குழந்தையை நீட்டினாள். அவர் கையை நீட்டினார். மகள் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, கையெல்லாம் என்ன இது?"

முழங்கைவரை மருந்துக் கறை, பழுப்பாக, சொட்டிக்கொண்டு. "மருந்தும்மா. புழுவுக்கு."

"உங்க தொட்டியில புழுவா?" என்றான் மாப்பிள்ளை. அவன் குரலில் இருந்தது வருத்தம் மாதிரி இல்லை.

சம்பந்தியம்மா எழுந்து வந்தார். "நான் ரெண்டு தடவை கழுவிட்டேன், சம்பந்தி. நாப்பது நிமிஷம் எப்பவோ ஆயாச்சு." கையை நீட்டினார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. பேத்தி அவர் கையில் ஏறி, இவர் மூக்குக்கு முன்னால் உள்ளே போனாள்.

"நீங்க பாத்ரூமுக்கு நடங்க" என்றார் மனைவி. "சிவப்பு வாளி, நீல வாளி, பச்சை வாளி. எனக்குச் சொல்லித் தரவேண்டாம், முப்பது வருஷமா பாக்கிறேன்."

மாப்பிள்ளை பூதக்கண்ணாடியை எடுத்து மாமனாரின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "கவலைப்படாதீங்க மாமா. நாப்பத்தஞ்சு நாள்தானே? நான் இருந்திருக்கேன். பழகிடும்."

பாத்ரூமில், தனித்தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் எல்லோரும் பேத்தியைச் சுற்றிக் கொஞ்சுகிற சத்தம் கேட்டது. யாருக்கு மூக்கு, யாருக்குக் காது என்று ஏலம் நடந்தது. தன் பெயர் எதிலாவது வருகிறதா என்று கதவில் காதை வைத்துக் கேட்டார். கட்டைவிரல் தாத்தா மாதிரி என்று யாரோ சொன்னார்கள். கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மகளுக்கு மனசு கேட்கவில்லை. நாற்பத்தைந்து நிமிஷத்தில் கதவைத் திறந்து, பேத்தியை அவர் மடியில் வைத்தாள். அவள் ஒரு கண்ணைத் திறந்து தாத்தாவைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி இல்லாமலே முழுசாகப் பார்த்தாள். அவருடைய கட்டைவிரலைப் பிடித்தாள். கொட்டாவி விட்டாள். அப்புறம், குடித்த பாலில் பாதியை நிதானமாக அவர் மாற்றிப் போட்டிருந்த சட்டையில் கக்கினாள்.

"ஐயோ, சட்டையைக் கழட்டுங்க, அலசிடலாம்" என்றார் மனைவி.

அவர் அசையவில்லை. "நாப்பத்தஞ்சு நாள் போகட்டும்" என்றார்.

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் தெரியாதவர் சொன்னால் பத்துக் கேள்வி கேட்கிறவர், சரிதான். உங்கள் கூட்டாளி சொன்னால்? இந்தக் கதையை உங்கள் கையில் கொடுத்து "படிச்சுப் பாருங்க, நல்லா இருக்கு" என்று சொன்ன ஆளை நம்பி, முன்னும் பின்னும் பார்க்காமல், நேராக உள்ளே விட்டுவிட்டீர்களே. அவர் இதை எத்தனை நாள் தனியாக வைத்திருந்தார்? கேட்டீர்களா?