அரைமணி வேலைக்காரரும் எஞ்சினின் பெருமூச்சும்

செய்திகளை முதலில் பதிந்துவிடுகிறேன், தீர்ப்பு பிறகு. கார் ஒன்று, வெளிறிய நீல நிறம். உரிமையாளர் எங்கள் குடும்பத்தின் மூத்த மருமகன். காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கர். காரின் குறை, சிக்னலில் நின்றால் 'உஸ்' என்று பெருமூச்சு விட்டு எஞ்சின் தானாக அணைந்துவிடுவது. அந்தக் காரிலேயே ஓட்டுநர் தேர்வுக்குப் போன அவர் மனைவி இருமுறை தோற்றார். இருமுறையும் தோற்றது மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் இடத்தில். மூன்றாவது தேர்வு திங்கட்கிழமை காலை. பேருந்து போகாத ஒரு பள்ளியில் அவருக்கு ஆசிரியை வேலை காத்திருந்தது. உரிமம் இருந்தால்தான் வேலை.

இனி இனத்தை அறிமுகப்படுத்தலாம்.

மனித இனத்தில் அரைமணி வேலைக்காரர் என்று ஒரு பிரிவு உண்டு. ஒழுகும் குழாய், ஓடாத மின்விசிறி, மூட மறுக்கும் அலமாரிக் கதவு என எதைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, பொருளை ஒருமுறை தட்டிப் பார்த்து, கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, "சின்ன வேலைதான், அரைமணி நேரம்" என்று அறிவிப்பவர் அவர். எந்த அரைமணி என்று மட்டும் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டில் ஸ்பேனர் கடன் வாங்குவார். மெக்கானிக் என்ற சொல்லைக் கேட்டால், சமையலறையில் நிற்கும் மனைவியிடம் ஓட்டல் சாப்பாட்டைப் புகழ்ந்ததுபோல் முகம் மாறும்.

நோய் அறிவதில் எங்கள் மருமகனுக்கு நிகர் கிடையாது. காருக்கு வந்த நோயை ஈராண்டுகளாக மனைவியின் இடது காலில் கண்டவர் அவர்.

"கிளட்ச்ச பொசுக்குனு விடுற. அதான் ஆஃப் ஆகுது."

"நீங்க ஓட்டும்போதும் ஆஃப் ஆகுதே?"

"அது டிராஃபிக்."

இதற்கு மேல் என்ன விவாதிப்பது? அம்மையார் ஒரு பழைய மணைப் பலகையின்மீது இடது காலை வைத்து, மெதுவாக எடுக்கப் பழகினார். காய் நறுக்கும்போதுகூடப் பழகினார்.

தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை, அம்மையாரின் தம்பி தன் காரில் வந்து இறங்கினார். பெருமூச்சைக் கேட்டார். பானட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின் ஓர் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டது. பெருமூச்சின் சுருதி மாறியது. எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் கிளைக்குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். அது எஞ்சினோடு சேரும் இடத்தில், இடுக்கை அடைக்க இருக்கும் மெல்லிய தகடு கேஸ்கட். அந்தக் கேஸ்கட் பழுதாகி, எஞ்சின் வாசலை விட்டுவிட்டு ஜன்னல் வழியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, ஏர் இழுக்குது. கேஸ்கட் போயிருக்கு. கடையில விட்டுடலாம்."

"கடையா? இதுக்கா? அரைமணி வேலைடா."

"அப்ப என் காலு?" என்றார் அம்மையார்.

கால் குறித்து அன்று தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிய அரைமணி, மாலையில் மேனிஃபோல்டைக் கழற்றியது. பழைய கேஸ்கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் பத்து வருஷம் வரும்" என்று சான்றளித்த மருமகன், அதை மாற்றாமல், அதன் இருபுறமும் ஒரு குழல் அடைப்புப் பசையைச் சுவருக்குப் பூச்சு பூசுவதுபோல் பூசினார். இந்த இனத்துக்குப் பசையின்மீதுள்ள நம்பிக்கையில் பாதி மனிதர்மீது இருந்திருந்தால் உலகில் சண்டையே இருந்திருக்காது. எல்லாவற்றையும் பூட்டி முறுக்கிய பின், அம்மையார் காலிக் குழலை எடுத்துப் படித்தார்.

"ஒரு நாள் முழுக்கக் காயணும்னு போட்டிருக்கே."

"அது குளிர் நாட்டுக்காரனுக்கு எழுதினது. நமக்கு அரைமணி போதும்."

"ஈரமா இருந்தா உள்ள இழுத்துடும், மாமா."

"நீ காருக்கு மருந்து தெளிச்சதோட நிறுத்திக்க."

அரைமணி கழிந்தது. சாவி திரும்பியது. ஈரப் பசையை எஞ்சின், கிண்ணத்தின் அடியில் கிடக்கும் பாயசத்தைக் குழந்தை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சியது, இருமியது, குலுங்கியது, அடங்கியது.

"பாத்தியா," என்றார் மருமகன். "உஸ்ஸுங்கற சத்தமே இல்ல."

மெய்தான். சத்தம் நின்றிருந்தது. எஞ்சினும் நின்றிருந்தது.

அம்மையார் தம்பியின் பக்கம் கையை நீட்டினார். தம்பி தன் கார்ச் சாவியைக் கொடுத்தார். மறுநாள் தேர்வில் அம்மையார் அந்த வண்டியை மேட்டில் நிறுத்தி, எடுத்து, அலுங்காமல் ஏறிப் போனார். வீடு திரும்பியபோது வாசலில் கறுத்த விரல்களோடு நின்றிருந்த கணவர் கேட்டார்:

"என்னாச்சு?"

"பாஸ். கால் அதே கால்தாங்க. வண்டிதான் வேற."

வேறொருவராக இருந்தால் தலை குனிந்திருப்பார். இவர் மனநிறைவோடு சொன்னார்:

"அப்ப ரெண்டு வருஷமா நான் சொல்லிக்குடுத்தது வீண் போகல."

அம்மையார் வேலையில் சேர்ந்தார். பின்னர் சொந்தமாக ஒரு சிறிய காரும் வாங்கினார். தினமும் காலையில், வீட்டு முகப்பில் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கும் நீலக் காரைச் சுற்றி வளைத்து, அதைத் தொடாமல் பின்னோக்கி எடுத்துப் போகிறார். அந்த நுணுக்கம் எந்தத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. மறுபடி கழற்றிய மேனிஃபோல்டு செய்தித்தாளில் சுற்றப்பட்டுக் கட்டிலடியில் இருக்கிறது. விருந்தினர் யாராவது கேட்டால், "முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு, அரைமணி வேலைதான் பாக்கி" என்ற பதில் தயாராக இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் மேசை இழுப்பறையில் வாய் இறுகிக் கிடக்கும் அந்தப் பாதிப் பசைக் குழல் யாருடையது? இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ச் செய்துவிடலாம் என்று நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சின்ன வேலை எப்போது தொடங்கியது? உங்களுக்கு நினைவிருக்காது. வீட்டில் கேளுங்கள், அவர்களுக்குத் தேதி மனப்பாடம்.

எங்கள் மருமகனின் அரைமணிக்கு இதுவரை ஆனது, ஆறு ஆண்டுகள்.