நாற்பது கப்பும் ஒரு டம்ளரும்

எங்கள் சபைப் பெண்களில் பட்டப்பகலில் சாராயக்கடைக்குள் போய், கையில் கப்போடு வெளியே வந்தவள் நான் ஒருத்திதான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்லும்போது கப்பு இரண்டாகிவிடும், நான் தள்ளாடவும் ஆரம்பித்துவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகளின் தொடக்கம். மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக்கடைகளைத் திறந்திருந்த புதிது. விருத்தாசலத்தில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த குடிசைகளில் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவதும், பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தருவதும் என் ஊழியம். அங்கே ஆண்களில் பாதிப் பேர் பீங்கான் சூளைகளில் வேலை பார்த்தார்கள். சனிக்கிழமை கூலி வாங்கினால் நேரே சாராயக்கடை. ஞாயிற்றுக்கிழமை பல வீடுகளில் அடுப்பெரியாது. இதை ஒரே மாதத்தில் ஒழித்துக் காட்டுகிறேன் என்று போதகரிடம் சொல்லியிருந்தேன். (ஒரு மாதம் என்பது தாராளமாகச் சொன்னது. என் மனசுக்குள் மூன்றே வாரம்.)

நான் போட்ட திட்டம் இது. நாளெல்லாம் பீங்கான் சுடுகிற அந்த ஜனங்களின் வீட்டில் ஒரு பீங்கான் கப்பு கிடையாது. எல்லாம் வைக்கோல் சுற்றி, பெட்டிக்குள் போய், ரயிலேறிவிடும். அதனால் ஒரு சூளைக்காரரிடம் கெஞ்சி, நாற்பது கப்பு செய்து வாங்கினேன். ஒவ்வொன்றிலும் நீல எழுத்தில் ‘இனி குடிக்க மாட்டேன்’. சாராயம் குடிக்கிற கிளாஸைக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் தன் கையால் உடைக்கிறவருக்கு ஒரு கப்பு. உடைத்தால்தான் கப்பு. அதில் நான் கறார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காபி டம்ளர் உண்டு. அதேபோல் குடிக்கிறவர் ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு சாராயக் கிளாஸ் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளாஸ் கடையில் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம். ஆர்மோனியத்தில் டேவிட் (பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்). பத்துப் பேர் வந்தால் போதும் என்றிருந்தேன், வரிசை ரயில்வே கேட் வரைக்கும் நின்றது. வேட்டி மடிப்பிலிருந்து ஒவ்வொருவராகக் கிளாஸை உருவி, கருங்கல்லில் போட்டு உடைத்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரித் தடித்த கிளாஸ்கள். சந்தேகப்பட வேண்டிய இடம் அது. நானோ, “பாருங்கள், பாவத்துக்கு ஒரே முகம்தான்!” என்று அதையும் பிரசங்கமாக்கிவிட்டேன். டேவிட் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசி ஆளுக்கு முந்தின ஆள் ஏழுமலை. சூளைக்கு நெருப்புப் போடுகிறவர், பயங்கரக் குடி. அவர் கையில் அலுமினிய டம்ளர். ஓங்கிக் கல்லில் அடித்தார். டம்ளர் நசுங்கியது, உடையவில்லை. நானே சுத்தியல் கொண்டுவந்து நாலு போடு போட்டேன். இன்னும் நசுங்கியது.

“உடையலையே ஏழுமலை.”

“அலுமினியம் எப்படி டீச்சரம்மா உடையும்? கடையில நின்னு குடிச்சா பொண்ணு பாத்துடும்னு வூட்டுக்கு வாங்கியாந்து, அது தூங்கினப்புறம் இதுலதான் குடிப்பேன். எங்கிட்ட இருக்கறது இதாங்க.”

“உடைத்தால்தான் கப்பு. எல்லாருக்கும் ஒரே விதி.”

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். பின்னால் நின்றவன் கிளாஸை உடைத்து நாற்பதாவது கப்பை வாங்கிக்கொண்டான். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஒரு மணி நேரம் இருந்தது. ஏழுமலையின் மனைவி அஞ்சலை, நசுங்கின டம்ளரோடு வந்து நின்றாள்.

“நேத்து கூலி வாங்கியும் அந்த ஆளு குடிக்கல டீச்சரம்மா. உங்க கப்பை வாங்கணும்னு ராவெல்லாம் கை நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இப்ப வந்து, சாமிக்கே நான் வாணாமாம்னு சொல்லிட்டுக் கடைக்குப் போவுது. டம்ளரை மட்டும் புடுங்கிக்கிட்டேன். வூட்ல இருக்கறது இது ஒண்ணுதாங்க.”

அத்தனை பேரில் உண்மையாக வந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. அவரைத்தான் சுத்தியலும் கையுமாகத் துரத்தியிருக்கிறேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். சாராயக்கடைக்குள் போகிறோம் என்ற நினைப்பே உள்ளே போன பிறகுதான் வந்தது.

உள்ளே என் கப்புகள். பெஞ்சு பெஞ்சாக, ‘இனி குடிக்க மாட்டேன்’ வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

“டீச்சரம்மா வந்திருக்காங்க, எழுந்திருங்கடா!” என்றான் ஒருவன். எல்லாரும் மரியாதையாக எழுந்தார்கள். (எழ முடிந்தவர்கள்.)

“நேத்திலேருந்து கடையில ஒரு கிளாஸைக்கூடக் காணோம். உங்க வேலைதானா?” என்றார் கடைக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லீங்க. அவனவன் கப்போட வந்துடறான். எனக்குக் கழுவற வேலை மிச்சம்” என்று ஆறுதல் சொன்னார்.

மூலையில் ஏழுமலை வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

“குடிக்கத்தான் வந்தேன் டீச்சரம்மா, பொய் சொல்ல மாட்டேன். கடையில கிளாஸு இல்ல. இவனுங்ககிட்ட கப்பு கேட்டா, டீச்சரம்மா ஜெபம் பண்ணிக் குடுத்தது, எச்சி பண்ணாதேங்கறானுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “தப்பு என்னுது ஏழுமலை. உடைய வேண்டாம். ஒன்றும் உடைய வேண்டாம். வீட்டுக்கு வாங்க” என்றேன். பக்கத்தில் நின்றவன் என்ன நினைத்தானோ, மிச்சத்தை ஒரே மடக்கில் முடித்து, கப்பை வேட்டியில் துடைத்து, “அண்ணனுக்குக் குடுங்க” என்று என்னிடம் நீட்டினான்.

கப்பை ஏந்திக்கொண்டு வெளியே வந்தேன், பின்னால் ஏழுமலை. எதிரே சாயங்கால ஆராதனைக்குப் போதகர், மாதர் சங்கம், டேவிட் எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். என் அவிழ்ந்த பின்னல், அழுத கண், வெறுங்கால், சாராய வாடை. போதகர் கப்பைப் பார்த்தார், அதில் இருந்ததை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தார்.

“நல்லது” என்றார் நிதானமாக. “எத்தனை நாளாம்மா?”

அந்தக் கப்பில்தான் அஞ்சலை ஏழுமலைக்கு டீ கொடுத்துவந்தாள். அதற்குப் பிறகும் அவர் இரண்டு தடவை சறுக்கினார். இரண்டு தடவையும் நான் போய் வாசலில் நின்றேன், விதி எதுவும் கொண்டுபோகவில்லை. மூன்றாவது தடவை நான் போக வேண்டியிருக்கவில்லை. என் எவர்சில்வர் டம்ளரை அஞ்சலைக்குக் கொடுத்து, நசுங்கின டம்ளரை நான் வாங்கிக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு வந்த ஏழுமலை அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் உடையலீங்களா?” என்று கேட்டார்.

இப்போதும் வீட்டில் நான் கொஞ்சம் அதிகமாக அதிகாரம் பண்ணினால், எனக்கு அந்த டம்ளரில்தான் காபி வரும். (கீழே வைத்தால் நிற்காது, கையிலேயே பிடித்துக் குடிக்க வேண்டும்.) போதகர் குரலில், “எத்தனை நாளாம்மா?” என்றபடி டேவிட் கொண்டுவருவார். போன வாரம் பேத்தியிடம், “பல் தேய்த்தால்தான் பால்” என்று கறாராகச் சொன்னேன். அவள் நேரே சமையலறைக்குப் போய், அந்த டம்ளரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அது வழக்கம்போலச் சாய்ந்து விழுந்தது. நான் எழுந்துபோய்ப் பாலைக் காய்ச்சினேன்.