மேனேஜர் வாயில் என் கை இருந்த காரணம்

அபிராமபுரம், சென்னை
வெள்ளிக்கிழமை காலை

மதிப்பும் பாசமும் நிறைந்த மாமாவுக்கு,

மருமகன் அறிவு எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள், அத்தை, உங்கள் வலது முழங்கால், மாடியில் அத்தை வளர்க்கும் புதினா எல்லாம் அரக்கோணத்தில் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன். போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதற்கு முன்னால் எடுத்தபோதும், இந்தப் பதினாலு மாதமாக, நாம் இரண்டு பேரும் மாறி மாறி "ம்" சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். "ம்" போட்டு விளக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

அந்த வீடியோ உங்கள் ரயில்வே ஓய்வூதியர் வாட்ஸப் குழு வரைக்கும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதில் முழுக்கை சட்டை போட்ட ஒருத்தன் பசு மாட்டின் வாய்க்குள் கையை விட்டு அகத்திக்கீரையைப் பிடுங்குவது போலத் தெரியும். போல என்ன, பிடுங்குகிறேன். நான்தான். மகாளய அமாவாசையன்று, செத்தவர்களை நினைத்து ஊரே மாட்டுக்குக் கீரை கொடுக்கிற நாளில். "கயல் பேர்ல ஒரு கட்டு கீரை குடுங்க மாப்ளன்னுதான் சொன்னேன். நீங்க அடுத்தவன் குடுத்ததையும் பிடுங்குறீங்க" என்று நீங்கள் அனுப்பியதைப் பல தடவை படித்தேன். நியாயமான வார்த்தை. என் பக்கம் கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயல் என்ன வேலை செய்தாள் என்பது நம் இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாது என்பதை முதலில் ஒத்துக்கொள்வோம் மாமா. நீங்கள் சொந்தக்காரர்களிடம் "அக்ரி ஆபீசர்" என்பீர்கள். நான் என் ஆபீஸில் "புல் சம்பந்தமா" என்பேன். அவள் செய்தது நாலு ஊர் சேர்ந்து நடத்தும் தீவனப்பயிர் ஆராய்ச்சி. மாட்டை ஒரே இடத்தில் விட்டு நிலத்தை மொட்டையடிக்காமல், கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் சில நாள் மேயவிட்டு, புல் முழுக்கக் கரையும் முன் அடுத்த கட்டத்துக்கு மாற்றினால் பால் கூடுமா, தீவனச் செலவு குறையுமா என்பதுதான் கேள்வி. கூடவே மாடு வளர்ப்பவர்களுக்கு வகுப்பும் எடுக்க வேண்டும். மற்ற மூன்று ஊர்களில் மேய்ச்சல் நிலம் உண்டு. சென்னையில் கயல் கண்டுபிடித்தது, அண்ணன் தம்பி கேஸில் இருபத்திரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் பதினெட்டு கிரவுண்டு. அபிராமபுரத்தில். அந்த மண்ணை விற்றால் அரக்கோணத்தில் ஒரு தெருவையே வாங்கலாம், அதில் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் போட்டு மூன்று மாடுகளை மேய விட்டிருந்தாள். அண்ணன் தம்பி இருவரும் இத்தனை வருஷத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதானாம்.

மாடுகள் ராயப்பேட்டை செண்பகத்துடையவை. பால்காரம்மா. கருமாதிக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர். மாடுகளின் பெயர் டீச்சர், குட்டிம்மா, மேனேஜர். மூன்றாவதற்கு ஏன் மேனேஜர் என்று கேட்டேன். "எல்லாத்தையும் மொறச்சுப் பாக்கும், ஒரு வேலையும் செய்யாது" என்றார்.

மூன்று வருஷக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பதினாலு நாள், தின்ற புல், கறந்த பால், போட்ட சாணி எல்லாவற்றையும் எடை போட வேண்டும். கயல் இரண்டு வருஷம் முடித்திருந்தாள். நாலு ஊருக்கும் தலைவியான டாக்டர் சகினா என்னிடம் நயமாகத்தான் சொன்னார். "சென்னையை மூடிடலாம் அறிவு. மூணாவது வருஷம் இல்லாம ரெண்டு வருஷக் கணக்கை அறிக்கையில சேர்க்க விடமாட்டாங்க." சென்னை இல்லையென்றால் கயல் பெயரும் இல்லை. "நான் பாத்துக்கிறேன் மேடம்" என்று ஒரு குரல் கேட்டது. சுற்றிப் பார்த்தேன், வீட்டில் வேறு யாரும் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பெருங்குடியில் லிஃப்ட் கதவு சென்சார் சோதிக்கிறேன். நடுவில் யார் கையாவது இருந்தால் கதவு மூடக்கூடாது, அவ்வளவுதான் என் ஞானம். அதை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வகுப்பில் அறுபத்துநாலு ஸ்லைடு போட்டேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஏழு பேர் தூங்கினார்கள். விழித்திருந்த செண்பகம் கேட்டார்: "இன்னா நைனா, மாடு எப்ப துன்னும்னு கோடு போட்டுக் காட்டிக்கினு கீற? அது கத்தும்பா. கத்துனா போடணும். இதுக்கு கரண்ட்டு செலவு பண்ணுவியா?" அடுத்து மின்வேலி. சூரிய வெளிச்சத்தில் ஓடும் வேலி, லேசாகச் சுண்டும், மாடு தாண்டாது என்று அட்டையில் போட்டிருந்தது. செய்தவன் சொல்வதை நம்பாதே என்பது எங்கள் தொழில் தர்மம் ஆச்சே, அதனால் நானே தொட்டுப் பார்த்தேன். கண் திறந்தபோது கொழுக்கட்டைப்புல்லுக்கு நடுவில் மல்லாந்து கிடக்கிறேன், மேனேஜர் என் காதோரம் மேய்ந்துகொண்டிருக்கிறது. "ஒறப்பா கீது சார், போதும், எந்திரி" என்றார் செண்பகம். இதற்கெல்லாம் மேலே மாடுகளுக்கு இடங்காட்டிப் பட்டை கட்டி, பொதுமக்கள் கல்விக்காக "நம்ம மாடு எங்கே" என்று ஒரு இணையப் பக்கமும் போட்டேன். எந்த மாடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாலு மாதத்தில் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் நான்.

கடைசிப் பதினாலு நாளை நான்தான் குறித்தேன். மழை வராத நாள், ஆபீஸில் நெருக்கடி இல்லாத நாள், சகினா மேடம் ஊரில் இருக்கும் நாள் எல்லாவற்றையும் அட்டவணையில் போட்டு நுணுக்கி எடுத்த தேதி மாமா. ஆபீஸ் காலண்டரில் அமெரிக்கக்காரன் வான்கோழி தின்னும் நாள் சிவப்பில் இருக்கும், அமாவாசை இருக்காது. கீரை கொடுக்கச் சொல்லி உங்கள் முதல் செய்தி வந்த பிறகுதான் பதிமூன்றாவது நாள் மகாளய அமாவாசை என்பதே தெரிந்தது. கயல் லேப்டாப்பில் இருந்த விதிமுறையை எடுத்து மறுபடி படித்தேன். அளவெடுக்கும் நாட்களில் வெளித் தீவனம் கூடாது. தெளிவாக இருக்கிறது. கயல் பேரில் கீரை கொடுத்தால் கயல் பேர் அறிக்கையில் இருக்காது. எது வேண்டும் என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடப் பொய். எனக்கு இப்போதெல்லாம் எதுவும் தோன்றுவதில்லை, புல்லின் உயரத்தை அளக்க மட்டும் தோன்றுகிறது. அதனால்தான் உங்கள் செய்திக்கு "சரி மாமா" என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அது தப்பு.

அமாவாசை காலை. தெருவில் திரிந்த மாடுகளையெல்லாம் மாநகராட்சி பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்காகிவிட்டது. கோயில் குளத்தைச் சுற்றிக் கீரைக்கட்டு விற்பவர்கள் நாற்பது பேர், மாடு ஒன்றுகூட இல்லை. கையில் அகத்தியோடு மயிலாப்பூர் அலைந்திருக்கிறது. எந்தப் புண்ணியவானோ என் இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்து ஏதோ குழுவில் போட்டுவிட்டார். ஏழேகால் மணிக்கு என் கேட்டுக்கு வெளியே அறுபது பேர். "நம்ம மாடு எங்கே" பக்கத்தை அன்று மூவாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். பொதுமக்கள் கல்வி என்றால் அதுதான்.

முன்னால் நின்ற வெள்ளை வேட்டிப் பெரியவர், "கேட்டைத் திறப்பா. ஆத்துல எல்லாரும் பட்டினியா உக்காந்துண்டிருக்கா, பசுவுக்குக் குடுத்துட்டுதான் இலை போடணும்" என்றார்.

"இல்ல சார், மாட்டுக்கு டெஸ்ட் நடக்குது. வெளிச் சாப்பாடு கூடாது."

"எனக்கும்தான் டெஸ்ட் எடுத்துட்டு வெளிச் சாப்பாடு கூடாதுன்னான் டாக்டர். நான் கேக்கறேனா?"

"நாளைக்குச் சாயங்காலம் முடிஞ்சிடும் சார். அப்புறம் வந்து எவ்வளவு வேணா கொடுங்க."

"நாளைக்கு அமாவாசை இல்லை" என்று அறுபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். "பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகீறேன். முன்ன இங்கதான் ஆத்தோரம் இருந்தோம், எங்க வூட்டுக்காரரும் இங்கதான் செத்தாரு. உன் போனு சொல்லுச்சு மாடு இங்க கீதுன்னு. இப்ப நீ குடுக்காதன்றியா?" மன்னிச்சுக்குங்கம்மா என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் நைனா, உனக்கு யாரும் செத்ததில்லியா?"

விதிமுறை அச்சிட்ட தாளைக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தது. கூட்டத்தில் யாருக்காவது ஷாக் அடித்துவிடுமே என்று காலையிலேயே வேலிக்கு மின்சாரத்தை நிறுத்தியிருந்தேன். வேலி சும்மா கிடக்கிறது என்பதை மேனேஜர் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டு, கம்பியை நூல் மாதிரி அறுத்துவிட்டு, நேராகக் கேட்டுக்கு வந்து கம்பி இடுக்கில் தலையை நீட்டியது. அறுபது கை. அறுபது கட்டு. நான் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போட்டேன். வெளியே இருந்ததைப் பிடுங்கியாகிவிட்டது, உள்ளே போனதை என்ன செய்வது? லிஃப்ட் கதவு என்றால் கையை விட்டதும் திறக்கும். மாட்டு வாய்க்கு அந்த வசதி கிடையாது. முழங்கை வரை போனதற்கு எனக்குக் கிடைத்தது முந்நூற்று நாற்பது கிராம் அரைபட்ட கீரை. எடை போட்டுத் தாளில் எழுதினேன். எவனோ அதையெல்லாம் படம் பிடித்து "பசு வாயில் அடிச்ச பாவி" என்று தலைப்புக் கொடுத்துவிட்டான். வெள்ளை வேட்டிப் பெரியவர் எனக்குச் சாபம் விட வாய் திறந்தபோது, மேனேஜர் திரும்பி நின்று, தின்ற கீரைக்கெல்லாம் சேர்த்து அவர் வேட்டி மேல் பதில் சொன்னது. நான் அதை எடை போட வாளியோடு குனிந்தேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆக டீச்சரும் குட்டிம்மாவும் ஒரு இலைகூடத் தொடவில்லை. மூன்றில் இரண்டு மாட்டின் கணக்கு சுத்தம். நாற்பத்தொரு கிலோ கீரையைத் தடுத்திருக்கிறேன். ஊர் என்னைப் பாவி என்று சொன்னாலும், கயல் வகுத்த விதியைக் கயல் புருஷன் காப்பாற்றினான். பிடுங்கியது அவளுக்காகத்தான். இதை நீங்கள் நம்பினால் போதும், ரயில்வே குழுவில் விளக்கம் எல்லாம் போட வேண்டாம்.

அத்தையிடம் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள், லிஃப்ட் இல்லாத வீட்டில் மாடி ஏறாதீர்கள். உங்கள் இருவர் காலிலும் விழுந்ததாக நினைத்து ஆசி அனுப்புங்கள். வாட்ஸப்பில் அனுப்பினாலும் சரி.

என்றும் உங்கள்,
அறிவு

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள் மாமா. உறையை ஒட்டப்போகும்போது செண்பகம் வந்தார். மாடுகளின் தடுப்பூசிச் சீட்டோடு ராயப்பேட்டைத் தொழுவத்தில் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். "அக்காவோட நோட்டு. நான் அன்னிக்கே சொல்ல வந்தேன், நீ எங்க சார் பேச வுட்ட? கைய மாட்டு வாயில வுட்டுக்கினு நின்ன."

லேப்டாப்பில் இருந்தது நாலு ஊருக்கும் பொதுவான விதி. சென்னைக்கு மட்டும் தனி விதி, கயல் கையெழுத்தில், நோட்டின் முதல் பக்கம். "இந்த ஊர் மாடு பாதி நிலத்தில் மேய்கிறது, பாதி மனுஷங்க கையில மேய்கிறது. பதினாலு நாளில் ஒரு அமாவாசை கட்டாயம் இருக்கணும். யாரையும் தடுக்கக்கூடாது. வாங்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுத்து, அவங்க கையாலேயே கொடுக்க வைக்கணும்." இரண்டு வருஷமும் அவள் அமாவாசையன்று தராசோடு கேட்டில் நின்றிருக்கிறாள். நான் அந்த நாட்களில் ஆபீஸ் போயிருக்கிறேன். சகினா மேடத்துக்குப் போன் போட்டேன். "அதுக்காகத்தானே சென்னையைச் சேர்த்தோம் அறிவு? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன் போல. ஆக, நான் தடுத்த நாற்பத்தொரு கிலோதான் இந்த வருஷத்து ஆராய்ச்சியே. தீபாவளி அமாவாசையைச் சேர்த்து இன்னொரு பதினாலு நாள் கொடுத்திருக்கிறார். அதுதான் கடைசி வாய்ப்பு. இணையப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் வரச் சொல்லிப் போட்டுவிட்டேன்.

அந்த அமாவாசையன்று அத்தையைக் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் வாருங்கள். ஒரு கட்டு கீரை போதும். எடை போடாமல் உள்ளே விடமாட்டேன், மாமனார் என்றாலும் வரிசைதான்.

நோட்டில் நாலு கட்டம் போட்டிருக்கிறாள். தேதி, எடை, கொடுத்தவர், யாருக்காக. நாலாவதில் அம்மாவுக்கு, தம்பிக்கு, ஹவுஸ் ஓனருக்கு என்றெல்லாம் இருக்கிறது. ஒரு வரியில் "பேர் வைக்கல, மூணு நாள்தான் இருந்துச்சு" என்று இருக்கிறது. அன்றைக்கு முதல் மூன்று கட்டத்தையும் நான் நிரப்பிவிடுகிறேன். நாலாவதை நீங்கள் எழுதித் தாருங்கள் மாமா. சற்று முன் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், "க"வுக்கு மேல் கை போகவில்லை.