நாற்பது லிட்டருக்கு நூறு லிட்டர் கொப்பரை

"மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வாடா! நானே காய்ச்சின பீர், நாப்பது லிட்டர். ஒரு கோப்பை குறைஞ்சாலும் என் கல்பாக் தொப்பியைக் கழற்றி உன் காலடியில வைக்கிறேன்!"

மச்சினன் ஜெனிஷிடம் இப்படிக் கத்திவிட்டு வந்தேன். பின்னே? நிறைந்த விருந்தில், "மாமாவுக்கு விலையை இறக்கத்தான் தெரியும், ஒரு பொருளை உண்டாக்கத் தெரியாது" என்றான். கராகோல் பஜாரில் மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவன் பொறுப்பானா?

"நாப்பது லிட்டர் கொப்பரை வாங்கப் போறேன்," என்றேன் மனைவி பூரூலிடம்.

அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "ஏங்க, பத்து கிலோ முளைப்பார்லி சும்மாவா ஊறும்? கிலோவுக்கு ஒரு லிட்டர் குடிச்சிடும்."

"குடிக்கட்டும். அம்பது!"

"கொதிச்சா ஆறு லிட்டர் ஆவி. அடியில மண்டி நாலு."

"அறுபது!"

"தண்ணியே அறுபது. பார்லியை எங்க வைப்பீங்க, தலையிலயா?"

"எழுபது!"

"நுரை பொங்கி அடுப்பு அணைஞ்சா என் தம்பி சிரிப்பானே."

"எண்பது!"

"எண்பதுதானா?"

அந்த 'தானா' முள்ளாகக் குத்தியது. "நூறுடி! நூறு! பேசாதே!"

"சரி, உங்க பிடிவாதம்," என்று பெருமூச்சு விட்டாள். ஜெயித்தேன்!

கடைக்காரனை மூன்று முறை திட்டி, இரண்டு முறை படியிறங்கி, எண்பது லிட்டர் விலைக்கே நூறு லிட்டர் கொப்பரையைத் தூக்கி வந்தேன். காய்ச்சினேன். பீப்பாயில் புளிக்கவிட்டேன். அந்த ஞாயிறு, தெருவையே கூட்டிவைத்து அளந்தேன். நாற்பது! ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆறாவது கோப்பையில் ஜெனிஷ் என்னைக் கட்டிக்கொண்டு, "மாமா, மன்னிச்சிடுங்க" என்று அழுதேவிட்டான். என் கால் தரையில் இல்லை.

அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருவிலுள்ள பெண்கள் எட்டுப் பேர் வந்து கொப்பரையைத் தூக்கினார்கள்.

"ஏய், எங்க கொண்டுபோறீங்க?"

"நோரூஸ், வசந்தப் பண்டிகை வருதுல்ல," என்றாள் பூரூல். "தெருவுக்கே முளைக்கோதுமைக் கூழ் கிண்டணும். ஆம்பளைங்க கிட்ட வரக்கூடாது."

"பீருக்குன்னு கணக்குப் போட்டு வாங்கினதுடி அது!"

"பீருக்கு எண்பதே தாராளம்ங்க. நூறு எங்க கூழுக்கு!"