ரோட்டுல எவ்வளவு கிட்டும்?

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால் முதல் கேள்வி மைலேஜ்தான். விலை, நிறம், யார் வாங்கியது என்பதெல்லாம் பிறகு. ஆம்புலன்ஸ் டிரைவரிடமே அதைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே நாள் காலையில் அந்தக் கேள்வியை ஊரே கூடி என்னிடம் கேட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

புதுக்கடையில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. மனைவி கலா குவைத்தில் நர்ஸ். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும் மட்டும். (ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது ஏதாவது சத்தம் போடும்.) மூன்று பேருக்கு வாங்கிய சாப்பாட்டு மேஜையில் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரே ஒரு தட்டைக் கழுவி வைப்பேன். அந்தத் தட்டைக் கழுவும்போதுதான் மனசு ரொம்பக் கனக்கும்.

துபாயில் வியாபாரம் செய்யும் என் பள்ளித் தோழன் சிவகுமார், லீவுக்கு வரும்போது ஓட்டுவதற்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, பக்கத்திலிருக்கும் அவன் வீட்டு ஷெட்டில் போட்டிருந்தான். இரண்டே சீட். தரையோடு தரையாகக் கிடக்கும். அவன் திரும்பிப் போகும்போது சாவியை என்னிடம் தந்தான்.

"ஏலே, வாரத்துல ஒருநாள் பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணிப் போடு மக்கா. இல்லேன்னா பேட்டரி செத்துப்போவும். கலா வாரப்போ வேணும்னா நீயே எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வா. ஆனா சாதா பெட்ரோல் மட்டும் ஊத்திராத, இஞ்சின் தாங்காது."

முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஓட விட்டுக்கொண்டிருந்தபோது கலா கூப்பிட்டாள். என் போன் எப்படியோ கார் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டது. அவள் குரல் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும், காலுக்கடியிலிருந்தும் வந்தது. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. அன்றிலிருந்து தினமும் கடையை அடைத்துவிட்டு ஷெட்டுக்குப் போவேன். ஏ.சி. போட்டு, சீட்டைச் சாய்த்து, ஒரு மணி நேரம் பேசுவோம்.

"அது என்ன, உர்ர்னு ஒரு சத்தம்?" என்று கேட்டாள்.

"பக்கத்து வயலுல பம்புசெட்டு ஓடுகு," என்றேன்.

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. நின்ற இடத்தில் நிற்கும் வண்டி பெட்ரோல் குடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேட்டரிதான் வீக்காக இருக்கிறது என்று முடிவுசெய்து, இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓட விட்டேன். (கடையில் தண்ணீர் மோட்டார் வாங்க வருகிறவர்களுக்கு நான்தான் கரண்டை மிச்சம் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தருவேன்.)

கலா லீவில் வரும் நாள் வந்தது. காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்குகிறாள். இஸ்திரி போட்ட சட்டை, தலைக்குச் சாயம், கைக்குட்டையில் சென்ட். மீட்டர் நாற்பத்தொரு கிலோமீட்டர் காட்டியது. சிவகுமார் சொன்ன உசத்திப் பெட்ரோல் கிடைக்கும் பங்க், களியக்காவிளை தாண்டி, வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். பிறகென்ன கவலை என்று கிளம்பினேன்.

மார்த்தாண்டம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் குறுக்கே திருப்பி நண்டு மாதிரி ஏற்றி இறக்கினேன். நாற்பத்தொன்று இருபதானது. குழித்துறைப் பாலத்தில் பதினொன்று. ஏ.சி.யை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினால் தலைமுடி கலைந்துவிடுமே என்று அதையும் இறக்கவில்லை. வழியில் சாதா பெட்ரோல் மட்டும் விற்கும் மூன்று பங்க்குகள் என்னைப் பார்த்தன. மூன்றையும் பார்க்காததுபோல் கடந்தேன். படந்தாலுமூட்டில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, வண்டி நின்றது.

இருபது வருடம் பைக் ஓட்டியவனுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் உண்டு: ரிசர்வ். அந்தத் திருகைத் தேடி ஏதோ ஒரு பட்டனை அமுக்கினேன். முன்பக்க மூடி திறந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"அய்யோ, இஞ்சினக் காணல்லியே!" என்று ஒரு குரல்.

(இஞ்சின் பின்னால் இருந்தது. அது எனக்கும் அப்போதுதான் தெரியும்.)

ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டி இறக்கவைத்து ஜன்னலில் சாய்ந்தார். "அண்ணே, மைலேஜ் எவ்வளவு?"

"கம்பெனி எட்டு சொல்லுது."

"கம்பெனி சொல்லுகது கெடக்கட்டு. ரோட்டுல எவ்வளவு கிட்டும்?"

பதில் சொல்வதற்குள் கலா கூப்பிட்டாள். பெட்ரோல்தான் தீர்ந்திருந்தது, பேட்டரி அருமையாக இருந்தது. படந்தாலுமூடு பஸ் ஸ்டாப் முழுக்க அவள் குரல் கேட்டது.

"எங்க நிக்கிய? நான் இறங்கியாச்சு. எல்லாருக்கும் ஆள் வந்திருக்கு, எனக்குத்தான் யாரையும் காணல்ல."

நான் வாயைத் திறக்குமுன் ஆட்டோக்காரர் குனிந்து, "அக்கா, அண்ணன் படந்தாலுமூட்டுல நிக்காரு. ஸ்போர்ட்ஸ் காருல பெட்ரோல் தீந்துபோச்சு," என்றார்.

பிறகு கலா மெதுவாகக் கேட்டாள். "அந்த பம்புசெட்டு சத்தம், சிவகுமார் ஷெட்டுல கெடந்த இந்த வண்டிதானா?"

"ஆமா."

"ஒரு மாசமா, நின்ன இடத்துலயே, எதுக்கு?"

போனைக் காரிலிருந்து பிரிக்கத் தெரிந்திருந்தால் பிரித்திருப்பேன். தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில்தான் சொன்னேன். "வீட்டுல பேசினா ஒன் சத்தம் தூரத்துல கேக்கும் கலா. இதுல பக்கத்துல கேக்கும்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒரு அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். கலாவின் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், "அங்கயே நில்லுங்க. நான் டாக்ஸி பிடிச்சு வாரேன்," என்றாள்.

அவள் வருவதற்குள் ஆட்டோக்காரர் எங்கிருந்தோ சாதா பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார். இஞ்சின் தாங்காது என்ற பேச்செல்லாம் பொய். தாராளமாகத் தாங்கியது. கலா டாக்ஸியிலிருந்து இறங்கினாள், கூடவே இரண்டு பெரிய பெட்டிகள். முன்பக்கக் குழியில் அவளுடைய ஹேண்ட்பேக் மட்டும்தான் நுழைந்தது.

"ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தா இந்தப் பெட்டிய எங்க வச்சிருப்பிய?" என்று கேட்டாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. பெட்டிகள் ஆட்டோவில் ஏறின. ஸ்போர்ட்ஸ் கார் பின்னால் போக, ஆட்டோ ஹாரன் அடித்து வழிவிலக்கி எங்களைப் புதுக்கடைக்குக் கூட்டி வந்தது. வழிநெடுக கலா சிரித்தாள். நடுவில் ஒருதரம் கண்ணையும் துடைத்தாள்.

நாற்பது நாள் லீவு முடிந்து அவள் போய்விட்டாள். சிவகுமார் சாவியை வாங்கிக்கொண்டான். மகள் இன்றைக்கும் போனில் அப்பா என்று கூப்பிடுமுன், "மைலேஜ் எப்படி?" என்றுதான் தொடங்குவாள். கலா சாயங்காலம் கூப்பிடுவாள். நான் மேஜையின் மூலையில் உட்கார்ந்து பேசுவேன். அவள் குரல் பழையபடி தூரத்தில் கேட்கும்.

"எப்படி இருக்கிய?"

"எனக்கென்ன, சுகமாத்தான் இருக்கேன்."

"அது கம்பெனி சொல்லுகது. ரோட்டுல எவ்வளவு கிட்டும்?"

முதலில் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

"இன்னைக்கு ரொம்பக் கொறவு கலா. கொஞ்ச நேரம் கூடப் பேசு."