லேப்டாப்புக்கு லீவு கொடுத்த நாள்

பகற்கனவு காண்கிறவர்களுக்கு எந்த வேலையும் கொடுக்கலாம், இல்லாத பொருளை உருவாக்கும் வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. எனக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.

கொழும்புக் கம்பெனி ஒன்றில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்திருந்தார்கள். யட்டியாந்தோட்டைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து அறையில் இருந்தபடியே வேலை. பெரிய நினைவகம் கொண்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, நெட்வொர்க் வழியாகப் பல மெஷின்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது கம்பெனியின் திட்டம். வாங்குமுன் நெட்வொர்க்கைச் சோதிக்க வேண்டுமே! அதனால் என் லேப்டாப்புக்குள் அப்படியொரு நினைவகம் இருப்பதாகப் பாவனை செய்யச் சொன்னார்கள். எவ்வளவு கொள்ளும், எவ்வளவு தாமதித்துப் பதில் சொல்லும் என்று ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். இல்லாத வீட்டுக்கு அறை பிரிப்பது போன்ற வேலை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் பனிமூட்டத்தில் பாதி இருக்கும், பாதி இருக்காது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சரஸ்வதி பூஜையன்று பிற்பகல் அதை இயக்கிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பஜாரில் போனுக்கு ரீலோட் போடும் பழைய வேலைதான். காலையில் எல்லாம் அழகாக ஓடியது. கொழும்பு மெஷின் என் பொய் நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதுமாக இருந்தது. லேப்டாப்பை நிறுத்தினால் அத்தனையும் அழிந்துவிடும், அமைப்பை ஒரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். (அப்புறம் எடுக்கலாம் என்று விட்டேன். என் வாழ்க்கையே அப்புறம்தான்.)

அம்மா பொரிகடலை வாங்கிவர அனுப்பினார். திரும்பும்போது பஸ் ஜன்னலில் தூறல். எனக்குக் கொழும்பில் ஒரு அறை, அங்கேயும் மழை, ஆனால் ஒழுகாத மழை என்று கண் சொருகியது. இறங்கும் இடம் போய்விட்டது. தூறலிலேயே ரப்பர் காட்டுக்குள் மிதந்துகொண்டு நடந்து வந்தேன்.

வீட்டில் மேசை காலி. சாமிப் படத்துக்கு முன்னால் அம்மா ரப்பர் பால்வெட்டும் கத்தி, பால் வாளி, பக்கத்தில் மூடிய என் லேப்டாப். மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். அம்மா பட்டனை அமுக்கிப் பிடித்தாராம், லேப்டாப்பின் முனகல் நின்றதாம்.

"ஏம்மா அத நிப்பாட்டுனீங்க?"

"என் கத்தி வருஷம் பூரா ஒழைச்சிட்டு இன்னைக்குத்தான் படுத்திருக்கு. ஒன் சாமானுக்கு மட்டும் ஓய்வு வேணாமா? பொழுதன்னைக்கும் மொனகிக்கிட்டே கெடக்குது, பாவம்."

படைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியாமல் தொடக்கூடாது. கெஞ்சினேன், அழுதேன். அம்மா கற்பூரம் தேடப் போய்விட்டார்.

நேரமானதும் போனிலேயே மேலதிகாரி நிலூகா மிஸ்ஸின் வீடியோ அழைப்பில் சேர்ந்தேன். கரண்ட் போய்விட்டது, அதனால் காட்ட முடியவில்லை என்றேன். மிஸ் அமைதியாக, தலைக்கு மேலே பார்க்கச் சொன்னார். பல்ப் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பின்னால் மணிச் சத்தம் வேறு. மானம் கப்பலேறியது.

அம்மா போனை வாங்கி, எங்கள் தோட்டத்தில் பலரையும்போல் சரளமான சிங்களத்தில், "அத மெஷின் எகட்ட நிவாடு, நோனா" என்றார். இன்றைக்கு மெஷினுக்கு லீவாம்.

வேலை போயேபோச்சு என்று நினைத்தேன். பிறகு மிஸ் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கொழும்பு மெஷின் காலையிலிருந்து உறைந்து நிற்கிறதாம். நினைவகம் போனதே தெரியாமல், ஒரு எச்சரிக்கையும் தராமல், இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறதாம். ஓடும்போது திடீரென்று நிறுத்திப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நிஜக் கம்ப்யூட்டரை வாங்கிய பிறகு இது நடந்திருந்தால் எல்லா மெஷினும் சேர்ந்து படுத்திருக்கும். இந்தச் சோதனை யாருடைய யோசனை என்று கேட்டார்.

நான் வெட்கமில்லாமல் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, தான்தான் நிறுத்தியதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பூஜை முடிந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்துக் காட்டினேன். வேலை நிரந்தரமானது. ஆபீசில் அந்தச் சோதனைக்கு இன்றும் 'அம்மா டெஸ்ட்' என்றே பெயர். வீட்டில் அதைவிட மோசம். ஆபீசில் கஷ்டம் என்று நான் முகத்தைத் தூக்கிவைத்தால் போதும், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார்.

"சொல்லு புள்ள, இந்தத் தடவ எத நிப்பாட்டணும்?"