பெண்மயிலும் பாதுகாப்பு உதவி மையமும்

ஒரு காட்டில் எழிலி என்ற பெண்மயிலுக்கு ஓர் அநியாயம் நடந்தது. விசாகன் என்ற ஆண்மயில் போன மழைக்காலத்தில், பரிசு என்று சொல்லி அவள் காலில் ஒரு வளையத்தை மாட்டிவிட்டான். வளையத்துக்குள் ஒரு சில்லு இருந்தது. அவள் எங்கே மேய்கிறாள், எங்கே தண்ணீர் குடிக்கிறாள், எந்தக் கிளையில் தூங்குகிறாள் என்பதெல்லாம் அவன் போனில் ஒரு பச்சைப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. இந்த மழைக்கு எழிலி, "எனக்கு உன்னைப் பிடிக்கல, விட்டுடு" என்று தெளிவாகவே சொல்லிவிட்டாள். அவன் விடவில்லை.

குளத்துக்குப் போனால் குளக்கரையில் நின்றான். கம்பங்காட்டுக்குப் போனால் வரப்பில் நின்றான். நின்றதோடு விட்டானா, தோகையை விரித்து ஆட வேறு செய்தான். பக்கத்துப் புதரில் குடியிருந்த கௌதாரிக்கு வயிறு எரிந்தது.

"குடுத்து வெச்சவடி நீ. நான் எங்க இருக்கேன்னு என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டதில்ல."

"இவனும் கேக்கறதில்லக்கா. கேக்காமலே தெரியுது. அதான் பிரச்சினை."

பிரச்சினை எவ்வளவு பெரியது என்று கௌதாரிக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியட்டும். ஆண்மயிலுக்கு இயற்கை தோகையைக் கொடுத்தது, தொண்டையைக் கொடுத்தது, தன்னம்பிக்கையை அளக்காமல் கொடுத்தது. பெண்மயிலுக்குக் கொடுத்தது, மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறம் மட்டும்தான். தரையில் முட்டையிட்டு அதன்மேல் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், கீரி பக்கத்தில் நடந்துபோனாலும் கண்டுபிடிக்காது. வளையம் பறித்தது அந்த ஒன்றைத்தான். எழிலிக்கோ முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. அவள் உட்காரும் இடத்துக்கு நேர் முன்னால் ஒருவன் விரித்துக்கொண்டு அகவினால், கீரிக்கு வேறு விளம்பரப் பலகை எதற்கு?

முதலில் அவள் வளையம் விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டாள். குயில் ஒன்று குழைந்து பேசியது.

"கழட்டறதுக்கு வாங்கினவரோட ஒப்புதல் வேணுங்க."

"மாட்டியிருக்கறது என் காலுங்க."

"புரியுதுங்க. ஆனா வாடிக்கையாளர் அவருங்க. நீங்க வந்து, பொருளைப் பொருத்தியிருக்கற இடம்."

சரி, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று கிளம்பினாள். பெண்களுக்கென்றே அந்தக் காட்டில் ஒரு பாதுகாப்பு உதவி மையம் இருந்தது. தலைவி ஓர் இருவாச்சி. முட்டையிடும் காலத்தில் இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். தலைவியம்மா அப்படி அடைத்துக்கொண்டு, அந்தக் கீறல் வழியாகத்தான் காட்டுப் பெண்களின் பாதுகாப்பைக் கவனித்துவந்தார்.

மரத்தடியில் நீண்ட வரிசை. எழிலியின் முறை வந்தது.

"கடிச்சானா?" என்றது கீறல்.

"இல்லைங்க மேடம்."

"கொத்தினானா?"

"இல்லை."

"பின்ன என்னதான் பண்ணான்?"

"நான் போற இடத்துக்கெல்லாம் வந்து ஆடறான்."

உள்ளே பழம் மெல்லும் சத்தம் கேட்டது. "மயில் ஆடறதைப் பாக்க மனுசங்க வண்டி வெச்சுக்கிட்டு வர்றாங்க. உனக்கு வீடு தேடி வந்து ஆடறான். அதுக்கொரு புகாரா?"

"வீடு அவனுக்கு எப்படித் தெரியுதுங்கறதுதான் மேடம் புகாரே."

"சட்டத்துல கடி இருக்கு, கொத்து இருக்கு, விழுங்கறது இருக்கு. பாக்கறது இல்லம்மா. நாளைக்கே உன்னை விழுங்கினான்னா உடனே வா."

"விழுங்கினப்புறம் எப்படி மேடம் வரது?"

"வாரிசு வரலாம்."

எழிலி நகரவில்லை. பின்னால் நின்ற மந்தி முணுமுணுத்தது. தலைவியம்மா குரலைத் தாழ்த்தினார். "பாத்துப் பேசணும்மா. அவங்க வம்சம் பெரிய இடத்து வாகனம். போதாக்குறைக்கு தேசியப் பறவை."

"நானும் அதே பறவைதாங்க."

கீறலில் ஒரு கண் தெரிந்தது. மேலும் கீழும் பார்த்தது. "அப்படியா? பாத்தா தெரியலையே. சரி, பேசாம என்னை மாதிரி அடைச்சுக்கிட்டு உள்ள இருந்துடேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா."

"அடைச்சு வைக்க வேண்டியது அவனை, மேடம். என்னை இல்ல."

இந்த வாய்க்குப் பயந்துதான் புகாரை எடுத்துக்கொண்டார்கள் என்று வரிசையில் நின்றவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். கடைசியாக ஒரு கேள்வி வந்தது. "இப்ப எங்க இருக்கே?"

"அது எதுக்குங்க?"

"இருப்பிடம் இல்லாத புகார் செல்லாது."

ஓடைக்குப் பின்னால், சில்லுக்குச் சிக்னல் எட்டாத பள்ளத்தில், உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் என்று சொன்னாள். முட்டை இட்டாகிவிட்டது என்பதையும் நம்பிச் சொன்னாள்.

மையத்தின் தகவல் அலுவலர் ஒரு கிளி. புகாரை எதிர்த் தரப்புக்குத் தெரிவிக்காமல் விசாரித்தால் அது அநீதி என்று அந்தக் காட்டுச் சட்டத்தில் இருந்தது. ஆகவே கிளி நேராக விசாகன் உட்கார்ந்திருந்த பாறைக்குப் போய், புகாரை ஓடை, புதர், முட்டை உட்பட ஒரு சொல் விடாமல் ஒப்பித்தது. அன்று சாயங்காலமே அவன் புதருக்கு முன்னால் தோகையை விரித்தான். அகவல் கேட்டுக் கீரி வந்தது. எழிலி ஒரு பக்கம் விசாகனைத் துரத்த, மறுபக்கம் கீரி வேலையை முடித்தது. கூட்டில் ஓடுகள்தான் மிஞ்சின.

"உன் மேல உள்ள அக்கறையிலதான் வந்தேன், எழில்," என்றான் விசாகன். "நான் வந்த நேரம் பாரு, கீரி வேற. தனியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

எழிலி நேராக ஓடைக்குப் போய், காலைக் கல்லில் அடித்தாள். தோல் கிழிந்து, நகம் ஒன்று பெயர்ந்து, கடைசியில் வளையம் உடைந்தது. நொண்டிக்கொண்டே மையத்துக்கு வந்து உடைந்த துண்டுகளைக் கீறலுக்கு முன்னால் வைத்தாள்.

"சாட்சியத்தை அழிச்சிட்டியேம்மா," என்றார் தலைவியம்மா. அவருக்கு நிஜமாகவே வருத்தம். "முட்டை விஷயம் கீரிங்க பிரிவு, அதை இங்க சொல்லாதே. இப்ப ஜாகை எங்கே?"

"சொல்ல மாட்டேன் மேடம். போன தடவை சொன்னதுக்குத்தான் என் முட்டை போச்சு."

"சொல்லலைன்னா புகார் தானா ரத்தாயிடும். பொய்ப் புகார்னு ஆகும். அதுக்குத் தண்டனை இருக்கு."

"அவனுக்கு இல்லாத தண்டனை எனக்கு இருக்கா?"

"இருப்பிடம் தெரிஞ்சும் சொல்லாதது நீதானே."

ரகசியமாக வைத்துக்கொள்வதாகத் தலைவியம்மா வாக்குக் கொடுத்த பிறகு எழிலி இடத்தைச் சொன்னாள். கொடுத்த வாக்கை அவர் மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. கிளி இம்முறை விசாகனின் பாறையில் உட்கார்ந்து, "ரகசியம், ரகசியம்" என்று இரண்டு தடவை உரக்கக் கத்திவிட்டுத்தான் ஆரம்பித்தது. மனுதாரர் இப்போது மேற்கே மூங்கில் காட்டில் இருக்கிறார் என்பது ரகசியமாக அந்த வட்டாரம் முழுக்கக் கேட்டது.

மூங்கில் காட்டில் எழிலி ஒரு குழி பறித்து இலை பரப்பிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் தோகை சலசலத்தது.

"வளையம்தான் இல்லையே. எப்படி வந்தே?"

"கிளி சொல்லுச்சு," என்றான் விசாகன், ஒளிக்காமல். "மரியாதை தெரிஞ்ச பறவை. மேடு பள்ளம் பாத்து வாங்கன்னு வழியும் சொல்லுச்சு. போன்ல சிக்னல் வேற இந்தப் பக்கம் சரியா இல்ல. இது எவ்வளவோ பரவாயில்ல."

அவள் அன்றே மூங்கில் காட்டை விட்டாள். மலைச்சரிவில், இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு கிடைத்தது. அந்தப் பருவத்தின் கடைசி முட்டைகளை அங்கே இட்டாள். இவையும் போனால் அடுத்த மழைவரை வேறு இல்லை. முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு, மூச்சு வாங்க மையத்துக்கு ஓடினாள்.

"எனக்குப் பாதுகாப்பு வேண்டாம் மேடம். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். என்னை மறந்துடுங்க, போதும்."

"அப்படியெல்லாம் மறக்க மாட்டோம்மா. நீ கேட்டதுக்கு பதில் சொல்லித்தான் முடிப்போம்."

"அப்ப இங்கயே சொல்லுங்க. நின்னு கேட்டுட்டுப் போறேன்."

"பதில் இருப்பிடத்துக்குத்தான் வரும்."

"இருப்பிடத்தைச் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்," என்றார் தலைவியம்மா பெருந்தன்மையாக. "அலவன்ஸ் குடுத்து ஒரு அலுவலர் எதுக்கு இருக்கார்?"

எழிலி புதர் புதராகப் பதுங்கி, சுற்றி வளைத்துத் திரும்பினாள். அவள் ஒவ்வொரு தடவை திரும்பிப் பார்த்தபோதும், ஒரு மரம் தள்ளி, கிளி மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை, முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. போய் உட்கார்ந்தாள். மண்ணோடு மண்ணாக, அசையாமல், மூச்சைக்கூட இழுக்காமல் உட்கார்ந்தாள். நேர் எதிரே, ஒரு காட்டுநெல்லிக் கிளையில் கிளி வந்து அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, சரிவெல்லாம் எதிரொலிக்க மையத்தின் பதிலை ஒப்பித்தது:

"எழிலி அவர்களுக்கு. தங்கள் புகார் முழுமையாக ஆராயப்பட்டு, தங்களுக்குச் சாதகமாக முடித்துவைக்கப்படுகிறது. எதிர்மனுதாரர் விசாகன், தங்களைக் கண்காணிக்கப் பயன்படுத்திய போனைத் தாமாகவே முன்வந்து மையத்தில் ஒப்படைத்துவிட்டார். இனி அது தமக்குத் தேவைப்படாது என்றும் உறுதியளித்துள்ளார். அவருடைய நல்லெண்ணத்தை மையம் பாராட்டுகிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவில், காட்டுநெல்லி மரத்துக்கு நேர் எதிரில் என்ற தங்கள் இருப்பிட விவரத்துடன் இந்தப் பதில் அவருக்கும் தெரிவிக்கப்படுகிறது."

நீதி: ஒருத்தியைப் பின்தொடர விரும்புகிறவர்கள் கருவிக்கு வீண்செலவு செய்ய வேண்டாம், அவள் புகார் கொடுக்கும்வரை பொறுமையாக இருந்தால் போதும்.